பேக்கேஜிங் கம்பெனியின் பழைய பெயர், பழைய பிராண்ட், பழைய முகவரி: பொதுவெளியில் திருத்துவது எப்படி

ஓசூர் சிப்காட்டிலோ பர்கூரிலோ உள்ள ஒரு அட்டைப்பெட்டி ஆலையின் பெயரை இணையத்தில் தேடினால், நாலு இடத்தில் நாலு விதமாக வருவது சகஜம். ஒரு தளத்தில் எப்போதோ நிறுத்திய பவுச் பிராண்ட் இன்னும் ஓடுகிறது. இன்னொன்றில் 04344 என்று தொடங்கும், சரண்டர் செய்த லேண்ட்லைன் நம்பர். மேப்பில் "நிரந்தரமாக மூடப்பட்டது". முதலாளியிடம் சொன்னால், "யாருங்க நெட்டைப் பாத்து ஆர்டர் குடுக்கறாங்க, எல்லாம் பழக்கத்துல வர்றதுதான்" என்பார். பழைய வாடிக்கையாளர் வரைக்கும் அது சரி. புதிதாக ஒரு பெரிய கம்பெனியில் வெண்டர் (சப்ளையர்) பதிவுக்குப் போகும்போதுதான் இடிக்கும். ஜிஎஸ்டி, பான், உத்யம் (சிறுதொழில் பதிவு), வங்கிக் கணக்கு நான்கிலும் பெயரும் முகவரியும் ஒத்துப்போகாவிட்டால், வெண்டர் கோடு கிடைக்காமல் ஃபைல் மேசையிலேயே கிடக்கும்.

பெரும்பாலானவர்கள் கூகுளில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. கம்பெனி விவரத் தளங்கள் பல, அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்துப் போடுபவை. அவற்றைப் பார்த்து மற்றவை நகலெடுக்கும். நகலைத் திருத்தி மூலத்தை விட்டுவிட்டால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழைய விவரமே திரும்ப வந்து உட்காரும்.

முதலில் ஒரு தாள்

எந்தத் தளத்தையும் தொடும் முன் ஒரு எக்செல் தாள் போடுங்கள். இடது பக்கம் தகவல், அடுத்து எந்தத் தேதியிலிருந்து, அதற்கடுத்து எந்த ஆவணம் சான்று, கடைசியில் எங்கெல்லாம் தப்பாக இருக்கிறது. ஆவணம் இல்லாத வரியை வெளியே அனுப்பாதீர்கள்.

இதில் அதிகம் தடுமாறும் இடம் தொடங்கிய ஆண்டு. 1992-ல் தனிநபர் தொழிலாகத் தொடங்கி, 2006-ல் பிரைவேட் லிமிடெட் ஆன ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் 21 இலக்க சிஐஎன் எண்ணில் (கம்பெனி அடையாள எண்) 9 முதல் 12 வரையுள்ள நான்கு இலக்கங்கள் கம்பெனியாகப் பதிவான ஆண்டு. அதைப் பார்த்து ஒரு தளம் 2006 என்று போடும். ஜிஎஸ்டி தேடலில் பதிவுத் தேதி 1-7-2017 என்று வரும். ஜிஎஸ்டி தொடங்கிய நாளிலேயே பழைய வணிகர்கள் மாற்றப்பட்டதால் வந்த தேதி அது. அதைப் பார்த்து இன்னொரு தளம் உங்களைப் பத்து வயது கூட ஆகாத கம்பெனி ஆக்கிவிடும். இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டும் வேறு கேள்விக்கான பதில். ஆகவே உங்கள் வரலாற்று வரியிலேயே பிரித்து எழுதுங்கள்: "1992-ல் தொடக்கம், 2006-ல் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு." 1992-க்கு அந்தக் கால விற்பனை வரிப் பதிவோ, சிறுதொழில் பதிவுச் சான்றோ, மின் இணைப்பு ரசீதோ கையில் இருக்க வேண்டும். "ஆரம்பம் 1992" என்று போர்டில் எழுதியிருப்பது சான்று ஆகாது.

அடுத்தது இடப்பெயர். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு மட்டும் உள்ள தனிச் சிக்கல் இது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரியே 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். அதனால் பழைய பத்திரத்தில் "ஓசூர், தருமபுரி மாவட்டம்" என்று இருந்தால் அது பிழை அல்ல. இன்றைய முகவரியில் அப்படி இருந்தால்தான் பிழை. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி போன்றவை ஊராட்சியாக எழுதப்பட்டிருக்கும். இப்போது ஓசூர் மாநகராட்சிக்குள் உள்ளன, ஓசூர் மாநகராட்சி ஆனது 2019-ல். சாலை எண்ணும் மாறிவிட்டது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் பழைய என்.எச். 7 இன்று என்.எச். 44. கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை போகும் பழைய என்.எச். 46 இன்று என்.எச். 48. பழைய எண்ணை வைத்துத் தேடி வரும் வெளிமாநில லாரி டிரைவர் டோல் தாண்டிப் போய்த் திரும்பி வருவார்.

பிராண்டுகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் நிலையைச் சொல்லுங்கள்: ஓடுகிறது, நிறுத்தப்பட்டது, விற்கப்பட்டது, பெயர் மட்டும் மாறியது. இந்த நான்கையும் "இப்போது இல்லை" என்று ஒன்றாகக் கட்டுவதுதான் பெரிய குழப்பத்துக்குக் காரணம். பெரிய கம்பெனிகளைப் பாருங்கள். எசெல் புரோபேக் 2020-ல் இபிஎல் ஆனது வெறும் பெயர் மாற்றம். ரெக்ஸாம் கேன் கம்பெனியை 2016-ல் பால் (Ball) என்ற கம்பெனி வாங்கியது. பெமிஸ் 2019-ல் ஆம்கோருக்குள் போனது. ஸ்மர்ஃபிட் கப்பாவும் வெஸ்ட்ராக்கும் 2024-ல் சேர்ந்து புதிய கம்பெனி ஆயின. இவற்றை உங்கள் சப்ளையர் பட்டியலிலோ "எங்கள் வாடிக்கையாளர்கள்" பக்கத்திலோ பழைய லோகோவுடன் வைத்திருந்தால் அதையும் இதே சாக்கில் மாற்றிவிடுங்கள்.

தேதி போடும்போது அறிவித்த நாளையும் முடிந்த நாளையும் குழப்பக் கூடாது. ஆம்கோர், பெரி இணைப்பு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. முடிந்தது 2025 ஏப்ரல் 30. வரலாற்றில் எழுத வேண்டியது இரண்டாவது தேதி. உங்கள் கம்பெனிப் பெயர் மாற்றத்துக்கும் அப்படித்தான்: போர்டு மீட்டிங் நடந்த நாள் அல்ல, கம்பெனிப் பதிவாளர் தந்த புதிய சான்றிதழில் உள்ள தேதி.

மூலப் பதிவுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி கம்பெனிகள் கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரின் கீழ் வருகின்றன. பதிவு அலுவலகம் மாறினால் 30 நாளுக்குள் ஐஎன்சி-22 படிவம். பெயர் மாறியிருந்தால், அடுத்த இரண்டு வருடம் போர்டிலும் லெட்டர் பேடிலும் பில்லிலும் பழைய பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம் 12-வது பிரிவு. புதுப் பெயர் வந்த சந்தோஷத்தில் பழையதை ஒரே நாளில் துடைத்துவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஜிஎஸ்டி-யில் முகவரி, வணிகப் பெயர், பங்குதாரர் மாற்றத்துக்கு ரெக்-14 படிவம், மாற்றம் நடந்த 15 நாளுக்குள். இவை அதிகாரி ஒப்புதலுக்குப் போகும். கூடுதல் குடோன் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். தனிநபர் தொழில் கம்பெனி ஆனால் பான் மாறும், பான் மாறினால் திருத்தம் செல்லாது, புதிய ஜிஎஸ்டி பதிவுதான். லெட்டர் பேடில் 33-ல் தொடங்கும் பழைய 11 இலக்க வாட் எண் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். உத்யோக் ஆதார் எண்ணும் (பழைய சிறுதொழில் பதிவு எண்) அப்படியே. 2020 ஜூலை 1 முதல் உத்யம் பதிவுதான். உத்யம் பதிவுக்கும் திருத்தத்துக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. போன் செய்து பணம் கேட்பவர்களுக்கு அரசோடு சம்பந்தமில்லை.

டிரேட்மார்க்கில் நேரம் செலவழிக்க வேண்டும். இந்தப் பகுதிக் குடும்பக் கம்பெனிகளில் அடிக்கடி இருப்பது இது: பிராண்ட் அப்பா பெயரில் பதிவு, தொழில் இப்போது பிரைவேட் லிமிடெட் பெயரில். இது பெயர்த் திருத்தம் அல்ல, உரிமை மாற்றம். எழுத்தில் உரிமை மாற்ற ஒப்பந்தம் போட்டு, டிஎம்-பி படிவத்தில் பதிய வேண்டும். பதிவு 10 வருடம்தான் செல்லும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், முடிந்தபின் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்துடன் புதுப்பிக்கலாம். ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தேடும்போது உங்கள் பொருளின் வகுப்பைப் பாருங்கள்: அட்டைப்பெட்டி, பேக்கிங் பிளாஸ்டிக் கவர் 16-ல் வரும்; உலோக டப்பா 6-ல். பதிவு காலாவதியாகி நீக்கப்பட்ட பிராண்டுக்கு வட்டத்துக்குள் ஆர் குறி போட்டு கேட்டலாக்கில் விட்டால் அது சட்டமீறல். டிரேட்மார்க் சட்டம் 107-வது பிரிவில் முன்பு மூன்று வருடம் வரை சிறைக்கு இடமிருந்தது; 2024 முதல் அதற்குப் பதில் பண அபராதம். பழைய கேட்டலாக் பிடிஎஃப்-களை முதலில் துழாவ வேண்டியது இதற்காகத்தான்.

பொருள் பட்டியல்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக், எந்தத் தடிமனாக இருந்தாலும், தடை. உங்கள் பழைய விளம்பரத்தில் "50 மைக்ரான் கேரி பேக்" என்று இன்னும் நின்றால், வாடிக்கையாளருக்கு முன் சோதனை அதிகாரி வருவார். நிறுத்திய தேதியுடன் நீக்குங்கள்.

அச்சில் உள்ளவை

இணையத்தில் மாற்றினால் போதாது. உங்கள் பெயர் பவுச்சிலும் பெட்டியிலும் ஊர் ஊராகப் போகிறது. பவுச்சுக்கு அடிக்கும் கிராவூர் (செதுக்கிய சிலிண்டர்) அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். முகவரி வரிகளை ஒரே நிறத்தில், வழக்கமாகக் கறுப்பில், வைத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். அடர்ந்த பல நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டிருந்தால், அந்த இடத்தில் அடிக்கும் எல்லாச் சிலிண்டரையும் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்த டிசைனிலிருந்தாவது இதைச் சொல்லி வாங்குங்கள். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் 3.1 கிலோ டப்பா ஆறு கொள்ளும் பெட்டி போன்ற ஃப்ளெக்ஸோ (வளையும் தகட்டில் அடிக்கும் அச்சு) வேலையில் செலவு குறைவு. ஸ்டீரியோவில், அதாவது அந்தத் தகட்டில், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து புதியதை ஒட்டலாம்.

மிச்சமுள்ள பழைய பவுச் ரோலுக்கு மேல் முகவரி ஸ்டிக்கர் ஒட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சில்லறைப் பாக்கெட்டில் கட்டாய அறிவிப்புகளை ஸ்டிக்கரால் மாற்ற 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் அனுமதிப்பதில்லை. விலையைக் குறைத்து ஒட்டுவதற்கு மட்டும் விலக்கு. அதனால் இடம் மாறும் முன்பே ரோல் ஸ்டாக்கைக் கணக்கெடுத்து, பாக்கிங் செய்யும் வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிவிடுங்கள்.

கூகுள், தொழில் தளங்கள், சொந்த வெப்சைட்

மேப்பில் இடம் மாறியிருந்தால் புதிய பதிவு போடாதீர்கள். இருக்கும் பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள். ரிவ்யூக்கள் தங்கும், இரட்டைப் பதிவு வராது. கணக்கு எப்போதோ வேலையை விட்டுப் போன பையனின் ஜிமெயிலில் இருக்கிறதா? அதே பதிவில் உரிமை கேட்கும் வசதி உண்டு. அவருக்கு மெயில் போகும், பதில் சொல்ல மூன்று நாள். மறுத்தாலோ பதிலில்லை என்றாலோ மேல்நடவடிக்கைக்கு வழி திறக்கலாம். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால், தெருப் பெயர், போர்டு, உள்ளே மிஷின் ஓடுவது என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். போர்டில் பழைய பெயர் மட்டுமே இருந்தால் நிராகரிக்கலாம். முதலில் பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

வெப்சைட்டில் பழைய பிராண்ட் பக்கத்தை அழிக்காதீர்கள். "இந்தப் பிராண்ட் 2018-ல் நிறுத்தப்பட்டது, அதற்கு மாற்று இது" என்று இரண்டு வரி எழுதி வைத்தால், பழைய பெயரில் தேடி வருபவர் சரியான இடத்துக்கு வருவார். கேட்டலாக் பிடிஎஃப்-ஐ அதே கோப்புப் பெயரில் மாற்றி ஏற்றுங்கள். பெயரை மாற்றினால் பழையது சர்வரில் கிடந்து தேடலில் வந்துகொண்டே இருக்கும். மாற்றிய பிறகு கூகுளின் பழைய உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியில் அந்த இணைப்பைக் கொடுக்கலாம். பக்கத்தை மாற்றாமல் கொடுத்தால் நிராகரிக்கும்.

தொழில் விவரத் தளங்களுக்கு எழுதும்போது "உங்கள் தகவல் தவறு" என்று மட்டும் அனுப்பினால் குப்பைக்குப் போகும். எந்தப் பக்கம், எந்த வரி, அதற்குப் பதில் என்ன வரி, எந்த அரசுப் பதிவில் பார்க்கலாம்: இந்த நான்கும் ஒரே மெயிலில், கம்பெனி டொமைன் மெயிலிலிருந்து.

விக்கிப்பீடியா

சிறு கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் பக்கம் இருக்காது, இல்லாததற்காகத் தொடங்கவும் வேண்டாம். இருந்தால் நீங்களோ சம்பளம் வாங்கும் ஆளோ கட்டுரையை நேரடியாகத் திருத்தாமல், உரையாடல் பக்கத்தில் கம்பெனியோடு உள்ள தொடர்பைச் சொல்லிவிட்டு மாற்றத்தைக் கேளுங்கள். ஆதாரமாக உங்கள் வெப்சைட்டைவிட, செய்தித்தாளும் அரசு ஆவணமும் எடுபடும். "முன்னணி", "நம்பிக்கைக்குரிய" போன்ற சொல் ஒன்று இருந்தாலும் மொத்தக் கோரிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகும். பழைய வரலாற்றை நீக்கக் கேட்காதீர்கள். தேதியோடு கடந்த காலத்தில் எழுதக் கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் போனில் இல்லாமல், வேறொருவர் போனில் தேடிப் பாருங்கள்; உங்கள் போன் உங்களுக்குப் பழகினதைத்தான் முன்னால் காட்டும். பழைய பெயர், புதிய பெயர், பழைய லேண்ட்லைன் எண் மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள், ஊர்ப் பெயரைத் தருமபுரி, தர்மபுரி, ஓசூர், ஒசூர் என்று இரு விதமாகவும் போட்டு.