திருட்டுத் தடுப்பு ஆப் போட்டதும் போன் எச்சரிக்கிறதா? ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு வாரம் மூன்று முறையாவது போய்வருகிறவர் எங்கள் பெரியப்பா. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு பஸ் ஏறும்போது சட்டைப் பையில் இருந்த போனை யாரோ எடுத்துவிட்டார்கள். புதுப் போன் வாங்கிய வாரமே, 'திருடு போனாலும் கண்டுபிடிச்சிடலாம்' என்று தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் ஆப்பை அனுப்பியிருக்கிறார். அதைத் தட்டியதும் எச்சரிக்கை வந்துவிட்டது. போனை அப்படியே கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, திருடனைப் பிடிக்கிற ஆப்புன்னு சொன்னாங்க. இந்தப் போன் அதையே திருடன்னு சொல்லுதே?"

சரியான கேள்வி. எங்கோ இருந்துகொண்டு போனைப் பூட்டுவது, இருக்கும் இடத்தைப் பார்ப்பது, உள்ளே இருப்பதை அழிப்பது, சத்தமில்லாமல் படம் எடுப்பது என்று திருட்டுத் தடுப்பு ஆப் செய்யும் வேலைகள் எல்லாமே உளவு பார்க்கும் ஆப்பும் செய்கிற வேலைகள்தான். இரண்டுக்கும் வேண்டிய அனுமதிகள் ஏறக்குறைய ஒன்றே. அதனால் நல்ல ஆப்புக்கும் சில நேரம் எச்சரிக்கை வரும். அதற்காக, வருகிற எச்சரிக்கையை எல்லாம் தள்ளிவிட்டு உள்ளே போகக்கூடாது. பெரியப்பாவுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

படி 1: எச்சரிப்பது யார்?

குரோமில் ஏதாவது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'உங்கள் போனில் வைரஸ், உடனே இதை இறக்குங்கள்' என்று துள்ளிக்கொண்டு வந்தால் அது விளம்பர மோசடி. எதையும் தட்டாமல் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஆப்களைச் சோதிப்பது பிளே ப்ரொடெக்ட். நீங்களே சரிபார்க்கலாம். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தட்டினால் பிளே ப்ரொடெக்ட் என்று இருக்கும். உள்ளே போய் ஸ்கேன் என்பதைத் தட்டுங்கள். ஆப்பில் உண்மையாகவே பிரச்சினை இருப்பதாக அது கருதினால் அங்கே பெயரோடு காட்டும்.

படி 2: ஆப் எந்த வழியாக வந்தது?

என்னைக் கேட்டால் பாதி முடிவு இங்கேயே வந்துவிடும். வாட்ஸ்அப், டெலிகிராம், ஏதோ ஓர் இணைப்பு என்று ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவும் கோப்பு) வந்திருந்தால், அனுப்பியவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும் வேண்டாம். அவருக்கும் யாரோ அனுப்பியதுதானே.

பிளே ப்ரொடெக்ட் தடுக்கும் திரையில் 'மேலும் விவரம்' போன்ற ஒன்றைத் தட்டினால், 'பரவாயில்லை, நிறுவு' என்கிற வழியும் சில நேரம் தெரியும். யூடியூபில் அதைத்தான் தட்டச் சொல்வார்கள். இன்னும் சிலர் பிளே ப்ரொடெக்டையே அணைக்கச் சொல்வார்கள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், செட்டிங்ஸில் தேடும் கட்டத்தில் 'அன்நோன் ஆப்ஸ்' என்று அடியுங்கள். வாட்ஸ்அப்புக்கோ குரோமுக்கோ ஆப் நிறுவும் அனுமதி திறந்திருந்தால் மூடுங்கள். பெரியப்பா போனில் வாட்ஸ்அப்புக்குத் திறந்தே கிடந்தது.

படி 3: அது எதையெல்லாம் கேட்கிறது?

இதில் அவசரப்படாதீர்கள். இருப்பிடம் கேட்டால் நியாயம் இருக்கிறது. 'டிவைஸ் அட்மின்' கேட்டாலும், போனைப் பூட்டவும் அழிக்கவும் அது தேவைப்படலாம். அந்தத் திரையிலேயே ஆப் என்னென்ன செய்ய முடியும் என்று வரிசையாக எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, நோட்டிபிகேஷன் படிக்கும் அனுமதி, அக்சசிபிலிட்டி இந்த மூன்றும்தான் கவலைப்பட வேண்டியவை. முதல் இரண்டில் வங்கி ஓடிபி போய்விடும். மூன்றாவது இன்னும் மோசம். பார்வைக் குறை உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்ல உருவான வசதி அது. கெட்ட ஆப்பிடம் கிடைத்தால் நீங்கள் திரையில் பார்ப்பதை அதுவும் பார்க்கும், உங்களுக்குப் பதிலாக அதுவே பொத்தானை அழுத்தும்.

இதனால்தான் ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு அக்சசிபிலிட்டி கொடுக்கப் போனால் 'கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பு' என்று போன் மறுக்கிறது. இந்த மூன்று அனுமதிகளையும் குறிவைக்கும் வெளி ஆப்களை நிறுவும்போதே தடுக்கும் சோதனை முயற்சியை இந்தியாவில் தொடங்குவதாகக் கூகுள் 2024 அக்டோபரில் அறிவித்தது.

படி 4: ஏற்கெனவே போட்டுவிட்டேன், எப்படி எடுப்பது?

அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கலாகக் கிடந்தால் பயப்படாதீர்கள். ஆப் டிவைஸ் அட்மின் அனுமதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அந்த ஆப்புக்கு அனுமதியை நீக்குங்கள். பிறகு அன்இன்ஸ்டால் வேலை செய்யும். அப்படியும் அடம்பிடித்தால் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் சேஃப் மோட் கேட்கும். அதில் வெளி ஆப்கள் ஓடாது, நீக்குவது சுலபம்.

எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருந்தால் வேறொரு போனிலிருந்து ஜிமெயில், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் போடாத ஓர் ஆப்பைக் காட்டி 'உங்களைக் கண்காணிக்கக்கூடும்' என்று போன் சொன்னால், உங்கள் போனைக் கையில் வாங்கிய யாராவது போட்டிருக்கலாம். வீட்டுக்குள் இருப்பவராகவும் இருக்கலாம். அவர் மேல் உங்களுக்குப் பயம் இருந்தால் அவசரப்பட்டு நீக்க வேண்டாம், நீக்கியது அவருக்குத் தெரிந்துவிடும். வேறு போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ல் முதலில் பேசுங்கள்.

படி 5: போனிலேயே இருப்பதைப் போட்டுவிடுங்கள்

பெரும்பாலானவர்களுக்குத் தனி ஆப் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைண்ட் ஹப் இருக்கிறது. 2025 வரை ஃபைண்ட் மை டிவைஸ் என்று பெயர். செட்டிங்ஸ், கூகுள் என்று போய் அதை ஆன் செய்யுங்கள். லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். அதே கூகுள் பக்கத்தில் 'தெஃப்ட் புரொடெக்‌ஷன்' இருந்தால், யாராவது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதியையும் போடுங்கள். ஐபோனில் ஃபைண்ட் மை, ஐஓஎஸ் 17.3 முதல் ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்.

போட்டதும் சோதித்துப் பாருங்கள். பெரியப்பா போனைச் சைலண்டில் வைத்து, தக்காளி கிரேட்டுகளுக்கு நடுவே ஒளித்து, என் போனில் உள்ள ஃபைண்ட் ஹப்பில் கெஸ்டாக அவர் கணக்கில் நுழைந்து 'ஒலிக்கச் செய்' என்று தட்டினேன். முழுச் சத்தத்தில் அடித்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. ஜிமெயில் கடவுச்சொல் நினைவில் இருந்தால்தான் இது நடக்கும் என்பதை மறக்காதீர்கள்.

படி 6: ஐஎம்இஐ

ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். *#06# அடித்தால் அந்த 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். இரண்டையும் போனுக்கு வெளியே எழுதி வையுங்கள்.

போன் போனால் முதலில் ஃபைண்ட் ஹப்பில் பூட்டுங்கள். அழிப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அழித்த பிறகு இடம் காட்டாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கி, அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாதி தளத்தில் ஐஎம்இஐ-யை முடக்கக் கேளுங்கள். 2023 மே முதல் நாடு முழுவதும் இருக்கும் வசதி இது. முடக்கினால் எந்த இந்திய நெட்வொர்க்கிலும் அந்தப் போன் எடுக்காது, இங்கே திருடி பெங்களூரில் விற்றாலும்.

பெரியப்பாவின் பழைய போனுக்கு இதைச் செய்யலாம் என்று, எண்ணைப் பார்க்கப் பில்லைத் தேடினோம். பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை. புதுப் போனின் இரண்டு எண்களையும் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் பெரியம்மா தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.