பிசியோதெரபி படிக்குமுன் எல்லைப்புற மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரிகளும் பக்கம், திருச்சூர்க் கல்லூரிகளும் எட்டும் தொலைவு. ஆனால் இரு மாநிலங்களின் விதிகளும் வேறு வேறு என்பதைப் பணம் கட்டிய பிறகே பலர் விசாரிக்கிறார்கள்.

பதினோராம் வகுப்பில் உயிரியல் இல்லாத பிரிவை எடுப்பவருக்கு பி.பி.டி. எனும் பிசியோதெரபி பட்டப்படிப்பின் வாசல் அப்போதே அடைபட்டுவிடுகிறது. தாய்மொழி தமிழ் என்பதால் தமிழ்நாட்டின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும் என்று நம்புவதும் தவறு. அங்கே பார்க்கப்படுவது இருப்பிடச் சான்றிதழே தவிர மொழியன்று.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, ஓராண்டுச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்துவிட்டு, அதுவே பிசியோதெரபிஸ்ட் ஆகப் போதும் என்று குடும்பமே நம்பியிருப்பதுதான். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம், பிசியோதெரபிஸ்டுகளைச் சேர்த்துள்ள பிரிவுக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டப்படிப்பைக் கேட்கிறது. நாலரை ஆண்டாக இருந்த பி.பி.டி.யோ, 2025இல் வெளியான தேசியப் பாடத்திட்டத்தின்படி ஓராண்டுப் பயிற்சி உட்பட ஐந்தாண்டாகிறது. நீட் தேர்வையும் அப்பாடத்திட்டம் கோருவதால், சேரும் ஆண்டின் விளக்கக் கையேட்டைப் படிக்காமல் அண்ணனோ அக்காவோ சேர்ந்த முறையை நம்பி இருந்துவிடக் கூடாது.

கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருப்பது வேறு, பி.பி.டி. படிப்புக்கு இருப்பது வேறு. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும், கேரளத்தில் திருச்சூரிலுள்ள சுகாதாரப் பல்கலைக்கழகத்திடமும் இதை நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டம் கையில் வந்தாலும் இத்துறையினரைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் சிகிச்சை அளிப்பது முறையன்று.

வளைகுடா செல்ல நினைப்பவர்கள் பெயரில் கவனமாக இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் 'முருகன் எஸ்' என்றும், பட்டத்தில் 'எஸ். முருகன்' என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகவும் இருந்தால், துபாய் உரிமத்துக்காக டேட்டாஃப்ளோ நிறுவனம் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கும்போது விளக்கக் கேள்விகள் எழும். அமெரிக்காவிலோ உரிமம் மாகாணந்தோறும் தனி, என்.பி.டி.இ. என்னும் பிசியோதெரபி உரிமத் தேர்வுக்கு முன்பே பாடநேரக் கணக்குடன் நம் படிப்பை மதிப்பிடுவார்கள். ஆகவே மதிப்பெண் விவரப் பட்டியல், பாடத்திட்ட நகல், பயிற்சிக் காலத்தில் பணியாற்றிய பிரிவுகளின் சான்று ஆகியவற்றைக் கல்லூரியை விட்டு வரும் முன்பே முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.