பாராகிளைடிங்ல கால் உடைஞ்சா இன்சூரன்ஸ் வருமா? நான் க்ளைம் வாங்கின வழி

ஹிமாச்சல் பிர் பில்லிங்ல பாராகிளைடிங் கோர்ஸ் போய் லேண்டிங்ல கணுக்காலை உடைச்சுக்கிட்டேன். ஹெல்த் இன்சூரன்ஸ்ல முதல்ல ரிஜெக்ட், ரெண்டு மாசம் அலைஞ்சப்புறம் பணம் வந்துச்சு.

1. பாலிசி வேர்டிங் பிடிஎஃப்பை இறக்குங்க. ப்ரோஷர் வேணாம், ஏஜென்ட் வாட்ஸ்அப்ல அனுப்புற "எல்லாம் கவர் ஆகும் சார்" சுத்தமா வேணாம். லேப்டாப்ல திறந்து எக்ஸ்க்ளூஷன் (எதுக்கெல்லாம் பணம் தர மாட்டாங்கங்கிற லிஸ்ட்) 09-ஐ தேடுங்க. 2019ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ இந்த வாசகத்தை எல்லா ஹெல்த் பாலிசிக்கும் ஒண்ணாக்கிடுச்சு. மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா, ஸ்கைடைவிங்னு லிஸ்ட் நீளும், போச்சுடான்னு மூடிடாதீங்க, அதுக்கு முன்னாடி "புரொஃபஷனலா" கலந்துகிட்டா மட்டும்னு இருக்கும், நம்ம உயிர்நாடியே அந்த வார்த்தைதான்.

2. ஆஸ்பத்திரி. நான் மாட்டினது இங்கதான். பாராகிளைடிங்ல தனியா பறக்குற கத்துக்குட்டியைக்கூட பைலட்னுதான் சொல்வாங்க. கூட வந்த பையன் அட்மிஷன் டெஸ்க்ல "இவர் பைலட் சார், விழுந்துட்டார்"னு சொல்ல, டிஸ்சார்ஜ் சம்மரில "பாராகிளைடிங் பைலட்"னு ஏறிடுச்சு, வலில நான் படிக்கவே இல்ல, டிபிஏக்காரங்க (கம்பெனிக்காக க்ளைமைப் பாக்குற ஏஜென்சி) பைலட்னா அதானே தொழில்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. நான் பாக்குறது அக்கவுண்ட்ஸ் வேலைங்க! கிளம்புறதுக்கு முன்னாடி சம்மரியை வரி வரியா படிங்க. பைக்ல விழுந்தேன்னு மட்டும் பொய் சொல்லிடாதீங்க, மாட்டினா மொத்தமும் போச்சு.

3. டாக்டர்கிட்ட திருத்தின சம்மரி, ஆபீஸ் லெட்டர், கோர்ஸ் ஃபீஸ் ரசீது மூணையும் கம்பெனியோட குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பினேன். ரசீதுதான் துருப்புச்சீட்டு, பறக்க நான்தான் காசு கட்டியிருக்கேன், எனக்கு யாரும் குடுக்கல.

4. ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ மறுபடி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்கிட்ட (கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) போங்க. ஃபீஸ் இல்ல, வக்கீல் வேணாம், ரிஜெக்ட் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

அப்டேட்: ஃப்ளையிங் கிளப்ல விமானம் ஓட்டக் கத்துக்கிற ஒருத்தர் இதை நம்பி பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியும் போதும்னு இருந்திருக்கார். அது வேற கதை. அதுல பொதுவா லைசன்ஸ் உள்ள விமானத்துல பயணியா போனா மட்டும்தான் கவர், ஓட்டுறவருக்குக் கிடையாது. டேண்டம்ல பின்னாடி பைலட் ஓட்ட நீங்க சும்மா உக்காந்து போனாலும் பாராகிளைடரை அவங்க விமானமா ஒத்துப்பாங்களான்னு மெயில்ல கேட்டு பதிலை சேவ் பண்ணி வைங்க. டிராவல் இன்சூரன்ஸ்லயும் அட்வென்ச்சருக்கு பெரும்பாலும் தனி ஆட்-ஆன் வேணும்.

அவர் டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) ஃபார்ம்லயும் தனியார் விமானம் ஓட்டுவீங்களாங்கிற கேள்விக்கு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு "இல்ல"ன்னு டிக் பண்ணியிருக்காராம். சார், இன்னைக்கே கம்பெனிக்கு எழுதி அதைத் திருத்துங்க, ப்ரீமியம் ஏறினா ஏறட்டும்.