விக்டோரியா காலத்து ஊர் எவ்வளவு சுகாதாரமாக இருந்தது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

1848-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதில் 23 என்றோர் எண் உண்டு. பழைய ஊர் ஒன்றை ஆராய அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: சாவுக் கணக்கு

1837 முதல் அங்கே அரசே இறப்புகளைப் பதிவு செய்தது. ஏழு ஆண்டு இறப்புகளைக் கூட்டி, ஏழால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். 10,000 பேர் உள்ள ஊரில் ஏழு ஆண்டில் 1,820 சாவு என்று வையுங்கள். ஆண்டுக்கு 260, அதாவது ஆயிரத்துக்கு 26. இது சட்டம் வைத்த வரம்பான 23-ஐத் தாண்டிவிட்டதால், ஊரார் கேட்காவிட்டாலும் லண்டனிலிருந்த பொதுச் சுகாதார வாரியம் தலையிடலாம்.

படி 2: யார் கேட்டார்கள்?

வரி கட்டுவோரில் பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு மனு கொடுத்தாலும் ஆய்வாளர் வருவார். யார்க்‌ஷயரின் ஹாவர்த் ஊரில் 1849-ல் மனுவுக்கு முன்னின்றவர் பாதிரியார் பாட்ரிக் பிராண்டே. அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் வளர்ந்த பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்திருந்தார். அந்த மனுவை வெறும் அரசுக் காகிதமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

படி 3: ஆய்வறிக்கையைப் படியுங்கள்

கழிப்பிடம், குடிநீர், இடுகாடு: இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். 1850-ல் ஹாவர்த்துக்கு வந்த ஆய்வாளர் பெஞ்சமின் பாபேஜ், ஊர் முழுவதற்கும் 69 கழிப்பிடங்களே இருந்ததாக எழுதினார். தேவாலயத்து இடுகாடு நிரம்பி வழிந்தது. அதில் இனிப் புதைக்கக் கூடாது, சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வேண்டும் என்றார்.

படி 4: சராசரியில் ஏமாறாதீர்கள்

புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஹாவர்த்தில் சராசரி இறப்பு வயது 25.8 என்கிறது அறிக்கை. அப்படியானால் எல்லோரும் 25 வயதில் செத்தார்களா? இல்லை. இறந்தவர்களில் 41.6 சதவீதம் பேர் ஆறு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். அவர்கள்தான் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தார்கள். அதனால் சராசரியைப் பார்த்ததும் குழந்தைச் சாவு எவ்வளவு என்று தேடுங்கள்.

படி 5: அப்புறம் என்ன நடந்தது?

அறிக்கை வந்ததும் தண்ணீர் வந்துவிடாது. செலவு ஊர் வரியில் ஏறும் என்பதால் பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. ஹாவர்த்திலும் வேலை இழுத்துக்கொண்டே போக, பிராண்டே மறுபடியும் லண்டன் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். 1848 சட்டம், ஊர்ச் சுகாதாரத்தைக் கவனிக்க அமைந்த உள்ளூர் வாரியங்களுக்குப் பெரும்பாலும் ‘செய்யலாம்’ என்ற அதிகாரத்தைத்தான் கொடுத்தது. ‘செய்தே ஆக வேண்டும்’ என்ற கடமைகளை நாடு முழுவதும் உள்ளாட்சிகள் மேல் உறுதியாகச் சுமத்தியது 1875-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் ஆராயும் ஊரின் அறிக்கைக்கும் முதல் குழாய்த் தண்ணீருக்கும் இடையே எத்தனை ஆண்டு போனது என்று எண்ணி, படி 1-ல் வந்த ஆண்டுச் சாவால் பெருக்கிப் பாருங்கள்: அந்தக் காத்திருப்பில் ஏறக்குறைய எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரியும்.