பேதுருவின் கதையைச் சுவரில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாரன்ஸின் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில் பிரான்காச்சி சிற்றாலயம் இருக்கிறது. அதன் சுவர்களில் புனித பேதுருவின் வாழ்க்கை தீட்டப்பட்டிருக்கிறது. கலை வரலாறு படிக்க வரும் மாணவர்களை இதைப் பற்றி எழுதச் சொன்னால், ஆண்டுதோறும் அதே தவறுகள் வந்து நிற்கின்றன. பெயரில் எழுத்துப்பிழை, ஆண்டில் குழப்பம் போன்றவை தாமாகவே சரியாகிவிடும். கீழே உள்ளவை ஆகாது.

இடமிருந்து வலமாகப் படிப்பது

இந்தச் சுவரோவியங்களில் ஒன்றான, ஓவியர் மசாச்சோவின் 'வரிப்பணம்' சுமார் 6 மீட்டர் அகலம். கதை மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. கப்பர்நகூமில் ஆலய வரி கேட்கிறார்கள். முதலில் அகப்படும் மீனின் வாயில் காசு இருக்கும், அதைக் கொடு என்று பேதுருவிடம் இயேசு சொல்கிறார். ஓவியத்தில் நடுவே கட்டளை, இடக்கோடியில் மீன், வலக்கோடியில் வரி கட்டுவது. பேதுரு மூன்று முறை வருகிறார், வரி வசூலிப்பவர் இரண்டு முறை.

ஒரு மாணவர் இடக்கோடியில் குனிந்திருப்பவரை யாரோ ஒரு மீனவர் என்று நினைத்து, அக்கால மீனவர் வாழ்க்கையைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். உழைப்பு அத்தனையும் வீண். மற்ற இரு இடங்களில் மஞ்சள் மேலாடையோடு இருக்கும் பேதுரு, இங்கே அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சரி, மூவரும் ஒருவரே என்று கண்டுபிடித்தவர்களும் மீனிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் கட்டளைக்கு முன்பே அற்புதம் நடந்து முடிந்துவிடுகிறது, கதையே குலைகிறது. இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். தொடங்க வேண்டிய இடத்தை ஓவியரே காட்டியிருக்கிறாரே! வலப்பக்கக் கட்டடத்தின் சாய்கோடுகளை அளவுகோல் வைத்து நீட்டிப் பாருங்கள், இயேசுவின் தலையில் வந்து சேரும். அங்கிருந்து அவர் நீட்டிய கையைப் பின்தொடருங்கள். பேதுருவின் கையும் அதே திசையில் நீள்கிறது. இரண்டும் நீர்க்கரையைக் காட்டுகின்றன. அங்கே மீனைப் பார்த்துவிட்டு வலக்கோடிக்குத் தாண்டுங்கள். அப்புறம்தான் மசாச்சோவின் துணிச்சல் புரியும். அற்புதத்தை மூலையில் சிறிதாக ஒதுக்கிவிட்டு, கட்டளை கேட்ட பேதுருவின் நெற்றிச் சுளிப்பை நடுவில் வைத்திருக்கிறார்.

ஒரே சதுக்கம் என்றால் ஒரே ஊர் என்று நினைப்பது

எதிர்ச்சுவரில் இன்னொரு ஓவியரான மசோலினோ, பேதுருவால் முடவர் குணமானதையும் இறந்துபோன தபீத்தா என்ற பெண் உயிர்பெற்றதையும் பிளாரன்ஸ் போன்ற ஒரே சதுக்கத்தில் வைத்திருக்கிறார். முதலாவது நடந்தது எருசலேமில், இரண்டாவது யோப்பாவில்.

எல்லாவற்றையும் மசாச்சோ கணக்கில் எழுதுவது

மூன்று பேரின் கை இது. மசோலினோவும் மசாச்சோவும் 1420களில் தொடங்கினார்கள். மசாச்சோ 1428இல் ரோமில் இறந்தார். 1480களில் முடித்தவர் பிலிப்பினோ லிப்பி.

ஒளியின் திசையைக் கேட்காமல் விடுவது

'வரிப்பணத்தில்' வெளிச்சம் வலப்புறமிருந்து விழுகிறது. சிற்றாலயத்தின் நிஜ ஜன்னல் அந்தப் பக்கம்தான்.