பழைய ஃபோர்டு பாடியில் ஹாட் ராட்: டாக் முதலில், வெல்டிங் கடைசியில்

முதன்முதலாக ஹாட் ராட் கட்டுகிறவர்களில் பலர் பாடி வந்து இறங்கிய அன்றே கிரைண்டரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நானும் எடுத்தேன். உள்ளே முட்டுக் கொடுக்காமல் பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கினேன். அப்புறம் இரண்டு மாதம் வலது கதவு மூடவே இல்லை. ஆகவே இந்தச் செய்முறையில் நிரந்தர வெல்டிங் கடைசியில்தான் வரும். அதுவரை டாக் மட்டும், அதாவது பாகங்களைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்னச் சின்ன வெல்டுப் புள்ளிகள்.

பாரம்பரிய ஹாட் ராட் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். 1930களிலும் 40களிலும் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கினார்கள். எடையைக் குறைக்க மட்கார்டையும் பம்பரையும் கழற்றினார்கள். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். இந்தப் பந்தயங்களை முறைப்படுத்தத்தான் 1937-ல் எஸ்.சி.டி.ஏ (தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கம் தொடங்கியது. அந்தப் பையன்கள் கைக்குக் கிடைத்திருக்கக்கூடிய பாகமா? அப்படியானால் வண்டியில் இருக்கலாம். குரோம் பளபளப்பும் முழு அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பில்லட் வீலும் வேறு காலத்துச் சமாச்சாரம்.

பாடியைத் தேர்ந்தெடுப்பது

1932 ஃபோர்டு எல்லோருடைய கனவு; விலையும் அதற்கேற்றபடி. தொடங்குகிறவருக்கு 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ போதும். நாற்பது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இன்றும் பாடியும் உதிரிபாகமும் கிடைக்கின்றன.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவின் அடிப்பகுதி, தரை ஓரச் சட்டங்கள், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பக்கவாட்டு மூலை, இந்த மூன்று இடத்திலும் துருவைத் தேடுங்கள். கூப்பே (கூரை மூடிய இரண்டு கதவு வண்டி) என்றால் கூரைக்குள் மரச்சட்டம் இருக்கும். அது உளுத்திருந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். சேஸிஸின் இடது சட்டத்தின் மேல் எண் பொறித்திருப்பார்கள். அது ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கதவுகள் சரியாக மூடும் நிலையில் பாடிக்குள் குறுக்கும் நெடுக்கும் சதுரக் குழாய் வைத்து முட்டுக் கொடுப்பது. அதன் பிறகே பாடியைத் தூக்குங்கள்.

சேஸிஸ்

மாடல் ஏ எஞ்சினின் சக்தி 40 குதிரைத்திறன். சேஸிஸும் அதைத் தாங்கும் அளவுக்குத்தான்: மெல்லிய, 'ப' வடிவச் சட்டம். அதில் வி8-ஐ, அதாவது 'V' வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சினை வைத்தால் முறுக்கிக்கொள்ளும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி, பெட்டிபோல ஆக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. ஒரே மூச்சில் நீளமாக வெல்டு ஓட்டினால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் மறுகோடியில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். நிரந்தர வெல்டிங் கடைசியில் என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

நிறுத்திப் பார்ப்பது

இந்தக் கட்டத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், வீல், டயர் எல்லாவற்றையும் மாட்டுங்கள். முன்னால் 5.50-16, பின்னால் 7.50-16 என்ற டயர் ஜோடி நல்ல தொடக்கம். முன்னே சிறியது, பின்னே பெரியது. மூக்கு சற்றுத் தாழ்ந்து வண்டி பாயத் தயாராக நிற்பதுபோல் தெரியும். பாடியைச் சட்டத்தின் மேலேயே உட்கார வைத்தால் ஹைபாய். தரையை வெட்டிச் சட்டத்துக்குள் இறக்கினால் சேனல். முதல் வண்டிக்கு ஹைபாயே நல்லது. சேனல் செய்தால் கால் நீட்ட இடம் போய்விடும்.

எஞ்சின் பிளாக்கையும் கியர்பாக்ஸையும் இப்போதே உள்ளே வையுங்கள். ஸ்பிரிங் அந்தப் பாரத்தில்தான் அதன் உண்மையான உயரத்துக்கு இறங்கும். முன் ஆக்ஸிலில் கிங் பின்னின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் முளை) தலை 5 முதல் 7 டிகிரி வரை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பின்பக்கத்தை உயர்த்தினால் இந்தச் சாய்வு குறையும். குறைந்தால் வேகத்தில் ஸ்டியரிங் அலையும். எனவே வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்று தெரியாமல் முன் ஆக்ஸிலைப் பிடிக்கும் கம்பிகளின் பிராக்கெட்டை வெல்டு செய்தால், பிறகு வெட்டத்தான் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் டாக் அடித்து மட்டும் நிறுத்துங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள்.

இன்னொன்று. எஞ்சினுக்கு இடம்விட விஷ்போனை, அதாவது முன் ஆக்ஸிலைப் பிடிக்கும் 'V' வடிவக் கம்பியை, இரண்டாகப் பிரிப்பதுண்டு. அப்படிச் செய்தால் ஃபோர்டின் ஐ-பீம் ('I' வடிவக் குறுக்குவெட்டு உள்ள) ஆக்ஸிலையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். குழாய் ஆக்ஸில் கொடுக்காது.

எஞ்சின்

1932-ல் 65 குதிரைத்திறனோடு வந்த ஃபிளாட்ஹெட் வி8-தான் (வால்வுகள் தலையில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் வகை) இந்த வண்டிகளின் உயிர். நீங்கள் தேட வேண்டியது 1940களின் பிற்பகுதியில் வந்த 239 கன அங்குல எஞ்சின். வாங்கும் முன் பிளாக்கை விரிசல் சோதனைக்குக் கொடுங்கள். வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். இந்த எஞ்சினில் புகைக்காற்று பிளாக்கின் உள்ளே சுற்றித்தான் வெளியே போகிறது. அதனால்தான் இத்தனை சூடு. தண்ணீர் பம்ப் இரண்டையும் புதுப்பித்து, ரேடியேட்டருக்குச் செலவு செய்யுங்கள். ஸ்ட்ராம்பெர்க் 97 கார்ப்பரேட்டர் இரண்டு வைத்தால் பார்க்க அழகு; ஆனால் ஒன்றை வைத்து வண்டி ஓடிய பிறகு இரண்டாவதை யோசிக்கலாம்.

கியர்பாக்ஸ் 1939 ஃபோர்டுடையது என்றால் நல்லது. தரையில் கியர் லீவர் வைத்து வந்த கடைசி ஆண்டு அது.

பிரேக்

மாடல் ஏ-யின் கம்பி பிரேக்கை நம்பி வி8 ஓட்டாதீர்கள். ஃபோர்டு 1939-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. 1939 முதல் 1948 வரையிலான டிரம்களை மாட்டினால் காலத்துக்கும் பொருந்தும், வண்டியும் நிற்கும். மாஸ்டர் சிலிண்டர் மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள புதிய வகையாக இருக்கட்டும். தரைக்குக் கீழே இருப்பதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வயரிங்குக்கு 12 வோல்ட், ஒவ்வொரு சர்க்கியூட்டுக்கும் ஃப்யூஸ், அவ்வளவுதான்.

இப்போது எல்லாவற்றையும் கழற்றி, டாக் அடித்த இடங்களை முழுதாக வெல்டு செய்து, திரும்பப் பூட்டுங்கள். பெயின்ட் அடிக்காமல் நூறு மைல் ஓட்டுங்கள். எந்த நட்டு தளர்கிறது, எங்கே டயர் உரசுகிறது, எந்தப் பிராக்கெட்டில் கீறல் விடுகிறது என்று அப்போது தெரியும். மறுபடி வெல்டிங் மெஷினை எடுக்க வேண்டியிருக்கும். என் வண்டியில் மூன்று தடவை எடுத்தேன்.