மருத்துவ ஆய்வகப் படிப்பில் சேருமுன்

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவை எடுத்துள்ள மாணவர்கள், மருத்துவ ஆய்வக நுட்பவியலில் சேர விரும்பினால், விண்ணப்பிக்கும் முன்பே அருகிலுள்ள மருத்துவமனையில் அனுமதி பெற்று ஆய்வகப் பணியை அரைநாளாவது பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாய் அணுக்களின் எண்ணிக்கைக்கும், சாம்பல்நிற மூடிக் குழாய் சர்க்கரைப் பரிசோதனைக்கும் செல்வதையும், பெயர்ச்சீட்டு ஒன்று மாறினாலும் நோயாளிக்குத் தவறான சிகிச்சை போய்ச் சேரக்கூடும் என்பதையும் அங்கேதான் முழுமையாக உணர முடியும். நுண்ணோக்கியின் முன் பொறுமையாக அமரும் மனம் தமக்கு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மதிப்பெண்ணைவிட அதுவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தனியார் கல்லூரி எனில், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது, பயிற்சிக்கு நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை உண்டா என்பவற்றைப் பணம் கட்டுமுன் கேட்டறியுங்கள்.